ஆசை வந்த வழி

(விருதுநகரில் கல்லூரி மாணவ மாணவியரிடையே ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தன்னை அறிதல் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறீர்கள். இந்த மாவட்டத்தில் நின்று அந்தத் தலைப்பில் பேசுகிறவர் திருச்சுழியைத் தொடாமல் போக முடியாது. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. தகப்பனார் சுந்தரம் ஐயர் ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். அவர் இறந்த பிறகு வேங்கடராமனும் அண்ணனும் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார்கள். 1896ஆம் ஆண்டு, பதினாறு வயதில், அந்தப் பையனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. சாவது எது, ‘நான்’ என்று சொல்லிக்கொள்வது எது என்று உள்ளுக்குள் ஒரு விசாரணை தொடங்கியது. சில வாரங்கள் கழித்து, ஆங்கில இலக்கணப் பாடத்தைத் தண்டனையாக மூன்று முறை எழுத வேண்டியிருந்தபோது, இரண்டு முறை எழுதிவிட்டு மூன்றாவது முறை எழுதாமல் புத்தகத்தை மூடி வைத்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்துப்போகச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினார்.

அவருடைய விசாரணையின் ஆழத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. அந்த ஐந்து ரூபாயைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்றாலும் அந்த வீட்டில் கல்லூரிக் கட்டணம் கட்டப் பணம் இருந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் இருந்தது. படித்து உத்தியோகத்துக்குப் போ என்று சொல்லப் பெரியவர்கள் இருந்தார்கள். வீடு தனக்காகப் போட்டு வைத்திருந்த பாதை கண்ணெதிரே தெரிந்ததால்தான் அது தனக்கு வேண்டாம் என்று அவரால் ஒதுங்க முடிந்தது. கையில் இருப்பதைத்தான் கீழே வைக்க முடியும். அதே ஆண்டில் அதே திருச்சுழிப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு, வேண்டாம் என்று சொல்வதற்கு யாரும் எதையும் கொடுத்திருக்கவில்லை.

நான் பேச வந்தது அந்த இரண்டாவது பையனைப் பற்றி. அவனுடைய கொள்ளுப்பேத்திகள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னவாகப் போகிறாய் என்று யாராவது கேட்டால் நம்மிடமிருந்து ஒரு பதில் வருகிறது. டீச்சர், போலீஸ், நர்ஸ், கடை, ‘அப்பா சொல்றபடி’. அந்தப் பதில் நம்முடையது என்று நாம் உறுதியாக நம்புகிறோம். அது எந்த வாசல் வழியாக நமக்குள் வந்தது, வரும்போது யார் கூட வந்தார்கள், எந்த ஆசைகள் வாசலோடு திரும்பிப் போயின என்று நாம் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கப் பழகுவதும் தன்னை அறிதலின் ஒரு பகுதி என்பது என் துணிபு. அதைத் தனியாக உட்கார்ந்து செய்துவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் இதற்கு எல்லோரும் அறிந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1903 ஜூலை 15 அன்று காமராஜர் பிறந்தபோது இந்த ஊர் விருதுபட்டி. சிறு வயதிலேயே தகப்பனார் குமாரசாமி காலமானார். தாயார் சிவகாமி அம்மாள் இருந்த நகைகளை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். பையனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு பையனுக்கு முன்னால் இருந்த எதிர்காலம் ஒரே வரிசையில் நின்றது. மாமன் கடை, பிறகு பங்குக்கடை, பிறகு சொந்தக்கடை. பையன் கடையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறான், கூட்டங்களுக்குப் போகிறான் என்று தெரிந்ததும் வீட்டார் கவலைப்பட்டார்கள். திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே போனவர் வைக்கம் போராட்டத்தில் போய்ச் சேர்ந்தார். மறுபடியும் ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாயோ மாமன்களோ அவருக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. தங்கள் கைக்கு எட்டியதிலேயே நல்லதைத்தான் அவருக்குக் கொடுக்க நினைத்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமூகம் நம்மை வார்க்கிறது என்று பேச ஆரம்பித்தால் உடனே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். நம்மை வார்ப்பவற்றில் மிகப் பெரும்பகுதி அன்பின் வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் அதைப் பார்ப்பது கடினமாக இருக்கிறது.

காமராஜரைத் தனிமனித மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். அவருடைய உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை எதை வைத்து நடந்தது? பிடி அரிசியை வைத்து. உலையில் போடும் முன் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார். பள்ளிக்கூடத்துக்காக அதைத் தெருத்தெருவாக வந்து வாங்கிப்போவார்கள். கடைக்காரர்கள் வியாபாரத்தில் மகமை ஒதுக்கினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெண்கள், தங்கள் பிள்ளை எத்தனை வகுப்பு தாண்டும் என்று தெரியாத வீடுகளில் இருந்துகொண்டு, ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஆசையை அந்தப் பானையில் போட்டு வைத்தார்கள். துணிக்கடையில் உட்கார்ந்த பையனால் பத்திரிகை படிக்க முடிந்தது அதனால்தான். 1954இல் முதலமைச்சரானவர் கிராமம்தோறும் பள்ளிக்கூடத்தை நடக்கும் தூரத்தில் கொண்டுவந்து வைத்ததும், 1956இல் மதிய உணவைத் தொடங்கியதும், ஒரு குழந்தையின் ஆசை எதில் தடுக்கி விழுகிறது என்று சொந்த அனுபவத்தில் தெரிந்திருந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கொஞ்சம் வெளியே போய்வருவோம். உனக்குள்ளே பார், உனக்கு என்ன வேண்டும் என்று உன்னையே கேள் என்று சொல்லும் புத்தகங்கள் இன்று பேருந்து நிலையக் கடைகளில்கூடக் குவிந்து கிடக்கின்றன. உள்ளே பார்த்து நேர்மையாகப் பதில் சொன்னால் போதுமா என்பதற்குப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஒரு பழைய கணக்கெடுப்பை எடுத்துக்காட்டுவார். 1944ஆம் ஆண்டு, வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் மக்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்களுக்கு நோய் என்றோ, உடம்பு சுமார்தான் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. உடம்பு சுமார் என்று சொன்ன விதவை ஒருவர்கூட இல்லை. பஞ்சம் கடந்து ஓராண்டுகூட நிறையாத காலம். ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்த பெண்கள் அவர்கள்.

அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. ‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்று நம் வீட்டு அம்மாக்களும் ஆச்சிகளும் சொல்கிற அதே பதிலைத்தான் சொன்னார்கள். மனசாட்சியைத் தொட்டுத்தான் சொன்னார்கள். அந்த மனசாட்சியும் அந்த ஊரில் வளர்ந்ததுதானே. தன் உடம்பில் இருக்கும் வலியே தெரியாதபடி ஒருவரைப் பழக்கிவிட முடியுமென்றால், தனக்குள் முளைக்காமலே போன ஆசையை அவர் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார்?

சிவகாசிக்கு வருவோம். மழை பொய்க்கும் கரிசல் காடு, விவசாயத்தை நம்ப முடியாத ஊர். அங்கே நாடார் சமூகத்தார் கோயில் நுழைவு உரிமைக்காகப் பட்ட பாடும், 1899ஆம் ஆண்டுக் கலவரமும் நீங்கள் படித்தவைதான். அந்தத் தலைமுறை ஒரு முடிவுக்கு வந்தது. பிள்ளைகள் எதை நோக்கி வளர வேண்டும் என்பதை இனி நாமே தீர்மானிப்போம் என்ற முடிவு. உறவின்முறை, மகமை, பள்ளிக்கூடம், வியாபாரம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வந்தன. நேரு அந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று சொன்னதாக இங்கே எல்லோரும் பெருமையோடு நினைவுகூர்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஒரு சமூகம் தனக்கு விதித்திருந்த இடத்தை ஏற்க மறுத்து, தன் பிள்ளைகளின் குறிக்கோளைத் தானே கூடிப் பேசி மாற்றிக்கொண்டதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று அதிகம் இல்லை.

அதே தொழில், சுற்றியிருந்த கிராமங்களின் ஏழைப் பிள்ளைகளுக்கு என்ன குறிக்கோளைக் கொடுத்தது? விடியும் முன்னே ஊர் ஊராக பஸ் வரும். தூங்கி வழிகிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். சட்டத்தில் குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட. வீட்டில் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளை போயாக வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இது அன்றாடக் காட்சி. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்தக் குழந்தைகளை வெளியுலகத்துக்குக் காட்டியது. அன்றைக்கு ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம் பெரியவளானால் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தால், இன்னும் வேகமாகக் குச்சி அடுக்குவேன் என்றுதான் சொல்லியிருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த உலகத்தில் வேகமாக அடுக்குகிறவள்தான் கெட்டிக்காரி.

பிள்ளைகளும் ஏழைப் பெற்றோரும்தான் இப்படிப் பழக்கப்பட்டிருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பு இடத்தில் பிள்ளைகள் வேலை செய்யக் கூடாது என்றது, நல்ல விஷயம். ஆனால் தள்ளி ஓரிடத்தில் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும், அந்த வேலைக்குப் பிஞ்சுக் கைகள் கூடுதலாகப் பொருந்துகின்றன என்றும், அவர்களுக்குப் பெரியவர்களுடைய குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில், அரசியல் சாசனத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், நல்லெண்ணத்தோடு எழுதியது இது. குழந்தையின் விரலைப் பார்த்தவுடன் பென்சில் நினைவுக்கு வராமல் பேக்கிங் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1996 டிசம்பர் 10 அன்று, அதே மேத்தா வழக்கில் நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்த ஆறு ஆண்டுகளில் பிள்ளைகளின் விரல்கள் மாறிவிடவில்லை. கூச்சல் போட்டவர்கள், படம் எடுத்தவர்கள், வழக்குத் தொடுத்தவர்கள், கிராமம் கிராமமாகப் பேசியவர்கள் எல்லோரும் சேர்ந்து, எதைப் பார்க்க வேண்டும் என்று நாட்டுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இன்று தீப்பெட்டி ஆபீசிலும், பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலையிலும் பிள்ளைகளை முன்போலப் பார்க்க முடியாது. அந்தப் பிள்ளைகள் இன்று அம்மாக்களாகியிருக்கிறார்கள். தங்கள் மகள்களைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

திருத்தங்கல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. ஒரு பக்கம் நீளவாக்கில் வெட்டிய காகிதத் துண்டுகள், இன்னொரு பக்கம் பசைக் கிண்ணம். அம்மா இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றி, மரப்பலகையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளுகிறார். குழாய் இறுகிவிடுகிறது. கம்பியை உருவிக் குழாயைக் காயப் போடுகிறார். பட்டாசுக்குள் மருந்து அடைக்கப்படும் வெற்றுக்குழாய் அது. கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் 144 குழாய். கண் காகிதத்தைப் பார்ப்பதில்லை. பேசிக்கொண்டே கை ஓடுகிறது. மகள் பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இடையிடையே காய்ந்த குழாய்களை எண்ணிக் கட்டுகிறாள்.

“படிச்சு என்னம்மா செய்யப்போற?”

“பி.காம். சேரப்போறேன் டீச்சர்.”

“அதுக்கப்புறம்?”

“ஏதாவது ஆபீஸ்ல கணக்கு எழுதணும்.”

“எந்த ஆபீஸ்?”

“பயர் ஆபீஸ்தான் டீச்சர். வேற எங்க?”

அம்மா கையை நிறுத்தாமலே சொன்னார்: “கணக்கு ரூமு கேட்டுகிட்டயே இருக்கு டீச்சர். மருந்து ரூமெல்லாம் ரொம்பத் தள்ளி அங்கிட்டு இருக்கு.”

என்னோடு வந்திருந்த ஆசிரியை ஒருவர், இத்தனை படித்தும் ஆசை இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று திரும்பி வரும்போது வருத்தப்பட்டார். எனக்கு அந்த ஆசை சின்னதாகப் படவில்லை. பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்றெல்லாம் வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் உள்குத்தகையிலும் அவசர ஆர்டரிலும் மீறப்படும்போது என்ன நடக்கும் என்பது அந்தத் தாய்க்கும் மகளுக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். 2024 மே 9 செங்கமலப்பட்டி. அந்தப் பெண் வளர்ந்த ஆண்டுகளில் வெடிவிபத்து நடந்த ஊர்களின் பெயர்கள் இவை. தாய் கலவை அறைக்குப் போகாமல் திண்ணையில் குழாய் உருட்டுகிறார். கூலி குறைவு, உயிருக்குப் பயமில்லை. மகள் அங்கிருந்து கணக்கு அறைக்குப் போக நினைக்கிறாள். மருந்திலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதைத் தன் வாழ்க்கையின் குறிக்கோளாக ஒரு பெண் அளந்து வைத்திருக்கிறாள். தன் நிலையை இதைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆனாலும் அந்த அளவு முழுவதும் ஒரே சுற்றுச்சுவருக்குள் எடுத்த அளவு. சுவருக்கு வெளியே இருப்பவை அவளுக்குச் சொற்களாகத் தெரியும். கலெக்டர் தெரியும், டாக்டர் தெரியும். ஒவ்வொரு பள்ளி ஆண்டுவிழாவிலும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்க்கக் கிடைத்தவை அவளுக்கு மிகக் குறைவு. காகிதம் இவ்வளவு, பசை இவ்வளவு, ஒரு குரோசுக்கு நேரம் இவ்வளவு, ஆகவே இந்த ரகக் குழாய் கட்டாது, அந்த ரகம் கட்டும் என்று அவள் அம்மா மனதுக்குள் போடுவது அடக்கவிலைக் கணக்கு. அதற்கென்று ஒரு தொழிற்படிப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவுடனே அதில் சேரலாம். எங்கே விண்ணப்பிப்பது, கட்டணம் எவ்வளவு, எந்த ஊரில் வகுப்பு, ராத்திரி எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று சொல்ல அந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லை. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆசைப்படுவதே ஓர் ஆற்றல், அது சமமாகப் பங்கிடப்படவில்லை என்றார். வசதி உள்ளவர் ஒரு வழியில் போய்ப் பார்த்து, சரிவராவிட்டால் திரும்பி வந்து வேறு வழியில் போகிறார். அப்படிப் போய்த் திரும்பிப் பழகியவருக்கு ஆசைப்படத் தெரிந்துவிடுகிறது. ஏழைக்கு ஆசை குறைவு என்று அவர் சொல்லவில்லை. பழகிப்பார்க்க வாய்ப்புக் குறைவு என்றார். திண்ணையில் அன்றைக்கு நான் பார்த்ததும் அதுதான்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு சுவரும் உண்டு. ரொம்பப் படித்தால் அதற்கேற்ற மாப்பிள்ளை பார்க்க வேண்டும், நம்மால் ஆகாது என்று மேற்படிப்பை நிறுத்திய வீடுகள் இந்த அரங்கிலேயே இருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தபோது, ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்டவர்கள் உண்டு. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கைநீட்டாத பெண்ணின் பேச்சு வீட்டுக்குள் ஏறுகிறது. கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிப்போட அந்தப் பேச்சு போதும்.

2018ஆம் ஆண்டை நீங்கள் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு, நாட்டில் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள்: ராமநாதபுரம், விருதுநகர். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தது. மாநிலத்திலேயே முதலிடம் விருதுநகர் மாவட்டம், 97.05 சதவீதத் தேர்ச்சி. அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லியின் காற்று மாசை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட பட்டாசு வழக்கில், பேரியம் கலப்பதைத் தடுத்தது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. பின்தங்கிய மாவட்டமும் தேர்ச்சியில் முதல் மாவட்டமும் ஒன்றே. அந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் இருக்கும், பட்டாசுக் கூலியில் வந்த கட்டணமும் சீருடையும் டெல்லியின் காற்றோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன.

தேர்ச்சி விகிதத்துக்காக இந்த மாவட்டத்து ஆசிரியர்கள் உழைத்த உழைப்பு சாதாரணமானதில்லை. விடிகாலை வகுப்பு, மாலை வகுப்பு, பரீட்சை நெருங்கினால் வீடு தேடிப்போய் எழுப்புவது என்று பிள்ளைகளைத் தோளில் தூக்காத குறையாகக் கரை சேர்த்தார்கள். குச்சி அடுக்கிய தாயின் மகள் பிளஸ் டூ தேறினாள் என்றால் அதில் அவர்கள் பங்கு பெரிது. எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. மாவட்டத்தின் குறிக்கோளாக இருந்த ஒரு சதவீத எண், கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் சொந்தக் குறிக்கோளாக மாறிவிட்டது. பாஸ் ஆக வேண்டும் என்பதே கடைசி ஆசை. பாஸ் ஆன அன்று இனிப்புக் கொடுக்கிறோம். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையிடம் அடுத்த ஆசை இல்லை. யாரோ ஒரு அக்கா சேர்ந்த பிரிவில் தானும் சேருகிறது, அல்லது சீட்டு இருக்கிற பிரிவில். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளாவது, உனக்கு எது பிடித்திருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது, யார் சொல்லிப் பிடித்தது என்று அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு சிவகாசியில் தொழிலாளர்கள் திரண்டு போராடினார்கள். இந்தத் தொழில் போனால் நாங்கள் எங்கே போவோம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை மதிக்காமல் யாரும் இந்த மண்ணில் எதையும் பேசக்கூடாது. அதில் பசியும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. அதே கேள்வியை உங்களில் ஒருவர் தன்னிடம் வேறு தொனியில் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் எங்கே போவோம்? எங்கெல்லாம் போக முடியும், இதுவரை அதை எங்களுக்கு யார் சொன்னார்கள், யார் சொல்லாமல் விட்டார்கள்?

அப்படிக் கேட்டுப் பார்த்த ஒருவர் இந்த மாவட்டத்தில் இருந்தார். மேலாண்மறைநாடு என்ற கிராமத்துக்காரர். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஊரிலேயே பெட்டிக்கடை வைத்துப் பிழைத்தார். கடையில் உப்பும் புளியும் பொட்டலம் கட்டிக்கொண்டே படித்தார், எழுதினார். எழுத்தாளர் மேலாண்மை பொன்னுச்சாமி. 2007இல் ‘மின்சாரப் பூ’ தொகுப்புக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். ஐந்தாம் வகுப்பு படித்த கடைக்காரருக்கு எழுத்தாளர் ஆகும் ஆசை எப்படி வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. இடதுசாரி இயக்கத் தோழர்கள் இருந்தார்கள். எழுதியதை வாங்கிப் போட ‘செம்மலர்’ இதழ் இருந்தது. கூடிப் பேசவும் திருத்தவும் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இருந்தது. சம்சாரியின் பேச்சு அச்சில் ஏறத் தகுந்தது என்று அவருக்கு மற்றவர்கள் நம்பிக்கை கொடுத்தார்கள். பிறகு அந்த நம்பிக்கையை அவர் நூற்றுக்கணக்கான கதைகளாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் தன்னைக் கண்டுகொண்டது மனிதர்களுக்கு நடுவில்.

கடைவீதிப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வசதி இருக்கிற வீட்டில் சுவரே இல்லை என்று நினைக்காதீர்கள். எண்ணெய், பருப்பு, வற்றல் வியாபாரத்தில் மூன்று தலைமுறை நின்ற வீட்டுப் பையன் தாவரவியல் படிக்க ஆசைப்பட்டால், கல்லாவில் யார் உட்காருவது என்ற ஒரே கேள்வியில் அந்த ஆசை அடங்கிவிடுகிறது. அவன் கையிலும் ஐந்து ரூபாய் இருக்கிறது. அதைக் கீழே வைக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. வியாபாரத்தை விரும்பியே தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள், அது நல்ல வாழ்க்கை. தானாக எடுத்துக்கொண்டதா, தலையில் வைத்ததா என்பது தெரிந்து செய்தால், நாற்பது வயதில் மகனிடம் அவன் பேசுகிற பேச்சு வேறாக இருக்கும்.

இந்தக் கல்லூரியிடமும் அறக்கட்டளையாரிடமும் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே, நான் இந்தப் படிப்புக்கு எப்படி வந்தேன் என்று நாலு பக்கம் எழுதட்டும். யார் சொன்னார்கள், யார் தடுத்தார்கள், எதைக் கேட்டு எது கிடைக்கவில்லை, பணம் எங்கிருந்து வந்தது என்று உள்ளபடி. மதிப்பெண் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். ஓர் ஆசிரியர் வாசித்துவிட்டு அந்தப் பிள்ளையோடு அரை மணி நேரம் பேசினால் போதும். மூன்றாம் ஆண்டு முடியும்போது அதையே அவர்களிடம் திருப்பிக் கொடுத்து, இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது விண்ணப்பத்துக்குக் கொஞ்சம் செலவு ஆகும். தீபாவளி முடிந்ததும் பயர் ஆபீஸ்கள் சில வாரம் மூடிக் கிடக்கும். அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள், கூலி நாள் கெடாது. அந்த நாட்களில் இங்கே படித்து வெளியே போன பெண்களை, கணக்காளராக, நர்ஸாக, வங்கியில், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களை, அவரவர் ஊர்த் தெருவுக்கே அழைத்துப் போங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், திண்ணை போதும். எந்தப் பரீட்சை எழுதினேன், முதல் தடவை எப்படித் தோற்றேன், ஹாஸ்டலில் என்ன சாப்பாடு, முதல் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று அவர்கள் பேசட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் கேள்வி கேட்கட்டும். போக்குவரத்துச் செலவையும், ஒருநாள் சம்பளத்தை விட்டு வருகிறவர்களுக்கு அந்தச் சம்பளத்தையும் அறக்கட்டளை ஏற்கலாம். முதல் ஊராக வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெரு, யார் யாரைக் கூப்பிடுவது என்பதை இங்கே இருக்கும் அந்தப் பகுதி மாணவிகளே சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுத நான் தயாராக இருக்கிறேன்.